அக்டோபர் 2: தாளில் சேர வேண்டிய ஒரு வரி

சிவகாசிக்கு அடுத்த ஆண்டு ஆடிப்பெருக்கு அன்றே பிறந்துவிடும். அச்சகங்களில் பூஜை போட்டு, புத்தாண்டு காலண்டர் ஆல்பங்களை அன்று வெளியிடுவது ஊர் வழக்கம். பிறகு மார்கழி வரை ஆஃப்செட் இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. தாள்களைத் தேதி பிசகாமல் அடுக்கி, தலைப்பில் தகரப் பட்டை வைத்து அழுத்தினால் தினசரி காலண்டர் தயார். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் அந்தச் சிறு தாளுக்குள் அடங்கிவிடும். அந்தத் தாள்களில் சிவப்பு மையில் வரும் ஒன்று, அக்டோபர் 2.

1869-இல் காந்தி பிறந்த நாள். 1904-இல் லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும் இதே தேதியில்தான். பக்கத்து விருதுநகரில் பிறந்த காமராஜர் 1975-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், சென்னையில் கண்மூடியதும் ஒரு காந்தி ஜெயந்தி அன்றுதான்.

இதே தேதியில் நான்காவதாக ஒரு நிகழ்வும் உண்டு. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று நேருவிடம் யோசனை சொன்னார் காமராஜர். அதன்படி ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதல்வர்களும் விலகினார்கள். சாத்தூர் தொகுதியில் வென்று முதல்வராக இருந்த காமராஜரே அதற்கு முன்மாதிரி. பள்ளிக்கூடமும் மதிய உணவும் கிராமங்களுக்குக் கொண்டுபோன ஒன்பதரை ஆண்டு ஆட்சி அது. இறங்கு என்று மக்கள் சொல்லவில்லை. 1963 அக்டோபர் 2 அன்று அவர் விலக, பக்தவத்சலம் முதல்வரானார்.

அதே திட்டத்தில் உள்துறையை விட்டு வந்தவர் சாஸ்திரி. 1964 மே 27-இல் நேரு மறைந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், கட்சியினரின் கருத்தைக் கேட்டு, சாஸ்திரியின் பின்னால் அவர்களை ஒன்றுசேர்த்தார். ஜூன் 9-இல் சாஸ்திரி பிரதமரானார். பதவியைத் துறந்த ஒருவர், பதவியைத் துறந்த இன்னொருவரை நாட்டின் தலைமைக்குக் கொண்டுவந்தார்.

பிறப்பும் இறப்பும் எந்தத் தேதியில் வரும் என்பது யார் கையிலும் இல்லை. நாற்காலியை விட்டு எழுவது மனிதன் மனமறிந்து செய்யும் காரியம். ஆனால் அக்டோபர் 2 என்றதும் ஜெயந்தியும் நினைவு நாளும் நம் நினைவுக்கு வருகிற அளவுக்கு 1963 வருவதில்லை.

நாடெங்கும் சுவர்களில் தொங்கும் காலண்டர்களை அடிக்கிற ஊர் சிவகாசி. காமராஜர் பிறந்த மாவட்டத்து ஊர். அடுத்த ஆண்டுத் தாளில் ‘காமராஜர் முதல்வர் பதவியைத் துறந்த நாள், 1963’ என்று ஒரு வரி சேர்க்கலாம். தாளைக் கிழிக்கும் பிள்ளை “ஏன் துறந்தார்?” என்று கேட்கட்டும். காந்தி பிறந்த நாளில் வீட்டில் பேசுவதற்கு அதைவிட நல்ல கேள்வி இல்லை.