மஞ்சளைக் கேட்டுவிட்டுக் கதவைத் துடையுங்கள்

சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு பழைய வீட்டின் தலைவாசல் கதவை நெருங்கிப் போய்ப் பாருங்கள். சட்டத்துக்குள் பலகை செருகியிருக்கும் இடத்தில், பலகையின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். கதவு முழுக்கப் பச்சை எனாமல். அந்தக் கோட்டில் மட்டும் வெறும் மரம். பெயின்டர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றுதான் தோன்றும். அவர் மேல் குற்றமில்லை. பொங்கலுக்கு முன்னால், மழைக்காலத்து ஈரம் காற்றில் இன்னும் மிச்சமிருந்த நாளில் அவர் பிரஷ் பிடித்தார். அப்போது அந்த ஓரம் சட்டத்தின் காடிக்குள் மறைந்திருந்தது. கோடையில் பலகை சுருங்கியது. மறைந்திருந்த ஓரம் வெளியே வந்தது. இதே கதவுதான் ஐப்பசி, கார்த்திகையில் நிலையில் முட்டிக்கொண்டு சாத்த வராமல் அடம்பிடிக்கும்.

மரத்தை வெட்டி நூறு வருஷம் ஆனாலும் காற்றின் ஈரத்தோடு அதற்குள்ள கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை. மரத்தின் செல் சுவர்கள் செல்லுலோஸ் இழைகளால் ஆனவை. காற்றில் ஈரம் ஏறினால் நீர் மூலக்கூறுகள் அந்த இழைகளுக்கு இடையில் போய் உட்காரும், இழைகள் விலகும், மரம் பருக்கும். காற்று காய்ந்தால் நீர் வெளியேறும்; மரம் ஒடுங்கும். இந்த அசைவு நீளவாக்கில் இல்லையென்றே சொல்லலாம். எல்லாம் குறுக்குவாக்கில்தான். இந்தப் பக்கத்துக் கோடையில் மரத்துக்குள் இருக்கும் ஈரம் அதன் உலர் எடையில் 7, 8 சதவீதத்துக்கு இறங்கும். அடைமழைக் காலத்தில் 13, 14 சதவீதத்துக்கு ஏறும். ஒரு முழத்துக்குக் குறைவான, 30 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை இந்த ஏற்ற இறக்கத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் அகலம் மாறும். தேக்கு அசைவு குறைந்த மரம் என்று பெயர் வாங்கியது. அதற்கே இந்தக் கணக்கு.

இதை அறிந்துதான் ஆசாரிகள் பலகையைக் காடிக்குள் பசை வைக்காமல், ஆணி அடிக்காமல், சும்மா செருகி விட்டார்கள். இறுக்கிப் பிடித்திருந்தால் முதல் கோடையிலேயே பலகை வெடித்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு லப்பம் வைத்து அடைக்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அடுத்த மழையில் பலகைக்குப் பருக்க இடமிருக்காது.

இந்த ஊர்கள் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் வந்து முடிந்துவிடும். மீதி மாதங்களில் கரிசலும் செம்மண்ணும் காய்ந்து கிடக்கும். விவசாயிக்கு இது வேதனை. மரத்துக்கோ இதைவிடப் பாதுகாப்பு கிடையாது. மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைகளுக்கு மரத்துக்குள் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். அதற்குக் கீழே அவற்றால் வளர முடியாது. திருச்சுழியில் 1879-இல் ரமணர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. அந்தப் புகழ் இல்லாத எத்தனையோ பழைய வீடுகளின் தேக்கு நிலைகளும், பனங்கைகளும், வேம்புக் கதவுகளும் இந்த வறண்ட காற்றின் தயவில் உறுதியாக நிற்கின்றன. அப்படிப்பட்ட மரத்துக்கு 20 சதவீத ஈரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது வானம் இல்லை. நம் வாளி.

நிலைக்கால் தரையைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். மேலே இரும்பாக இருக்கும் மரம் அங்கே ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்து, நகத்தால் கீறினால் உதிரும். மரத்தின் நுனிமுகத்தில், அதாவது அறுத்த வாயில், தண்ணீர் ஏற்றும் குழாய்கள் திறந்த நிலையில் இருக்கின்றன. பக்கவாட்டில் நுழைவதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் தண்ணீர் அந்த வழியாக ஏறும். தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீரும், வீடு துடைக்கும் தண்ணீரும் போய்த் தேங்குவது அந்த இடத்தில்தான். கரையானும் அங்கிருந்துதான் மண் கூடு கட்டிக்கொண்டு ஏறும். கதவின் அடிவிளிம்பு இன்னும் பாவம். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் அங்கே பெயின்ட் படுவதே இல்லை. அடுத்த முறை கதவைக் கழற்றும்போது அந்த விளிம்புக்கு இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். கதவின் முகத்துக்கு அடிக்கும் நான்காவது கோட்டைவிட அதற்குப் பலன் அதிகம்.

மச்சு வீட்டின் பலகைத் தளத்தை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மம்பட்டிக் கணை லொடலொடவென்று ஆடினால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. காலையில் கெட்டியாகப் பிடித்திருக்கும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். காரணம் இருக்கிறது. ஊறிய மரம் பருக்கப் பார்க்கிறது. இரும்பு வளையம் விட மறுக்கிறது. நெருக்கத்தில் மரத்தின் செல்கள் நசுங்கிவிடுகின்றன. காய்ந்தபோது அந்த மரம் பழைய அளவுக்கு வராமல், அதற்கும் கீழே சிறுத்துப்போகிறது. நெருக்கிப் போட்ட தளப் பலகைகளுக்கும் இதுதான் நேர்கிறது. ஒவ்வொரு கழுவலுக்கும் இடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக அகலும். மேல்முகம் மட்டும் ஊறிக் காய்வதால் பலகை வளையவும் செய்யும்.

ஆகவே முதல் வேலை தண்ணீர் இல்லாத வேலை. இந்தப் பக்கத்துத் தூசியில் குவார்ட்ஸ் மணல் துகள் உண்டு. அது இரும்பு ஆணியைவிடக் கடினமானது. அதன் மேல் துணியை அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கணக்கு. பாலீஷின் பளபளப்பு போய்விடும். மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டி இறக்க வேண்டும். செதுக்கு வேலை உள்ள தூண் போதிகைக்கும் நிலைக்கும் பழைய பெயின்ட் பிரஷ்ஷே போதும். அதன் பிறகு துணி. அருப்புக்கோட்டை போன்ற நெசவு ஊரில் துணிக்கு அலைய வேண்டாம். கஞ்சி முழுக்கப் போய், துவைத்துத் துவைத்து நைந்த பழைய பருத்திச் சேலைத் துண்டைவிட நல்ல துடைப்புத் துணி கடையில் இல்லை. நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, மர இழை ஓடும் திசையிலேயே துடையுங்கள். ஈரத்தடம் நீங்கள் நின்று பார்க்கும்போதே மறைய வேண்டும். மறையவில்லை என்றால் தண்ணீர் அதிகம். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் குடிதண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை பூக்கும். உப்பு மரத்துளைக்குள் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த முறையில் ஒரு கதவுக்கு ஒரு செம்புத் தண்ணீர் தாராளம்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு வெறும் தண்ணீர் போதாது, சோப்பு வேண்டும். எந்தச் சோப்பு என்று சொல்ல நம் வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது: மஞ்சள் டப்பா. வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். துடைக்கப் போகும் தண்ணீரில் ஒரு சொட்டு அதன் மேல் விடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் பயமில்லை. செக்கச் சிவந்தால் அந்தத் தண்ணீர் காரம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தில் தன் மூலக்கூறு அமைப்பை மாற்றிக்கொண்டு சிவப்பாகிறது. வெள்ளிக்கிழமை நிலைக்குப் பூசிய மஞ்சளைத் துணி சோப்பால் துடைத்தபோது திடீரென்று சிவந்ததைப் பார்த்துப் பதறியவர்கள் கண்டது இதைத்தான். சலவைச் சோடா, துணிக்குப் போடும் சோப்புத்தூள், பார் சோப்பு எல்லாமே சிவக்க வைக்கும்.

சிவந்தால் என்ன கெடுதல்? எனாமல் பெயின்டின் உடம்பு தாவர எண்ணெயிலிருந்து செய்த ஒரு பிசின். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. சோப்பு ஆலையில் நடப்பதே அதுதான். காரத் தண்ணீரால் கதவைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் பெயின்டின் மேல்தோலைக் கொஞ்சம் சோப்பாக்கித் துணியில் வாரிக்கொண்டு போகிறோம். துணியில் பச்சை இறங்கினால் அழுக்கு போகிறது என்று மகிழ்கிறோம், போவது பெயின்ட். பழைய நாற்காலி, அலமாரிகளுக்குப் போட்ட பிரெஞ்சு பாலீஷுக்கும் காரம் ஆகாது. அது அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரந்த பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. கொரோனா நாட்களில் சானிடைசர் சிந்திய மேசைகளில் வெளுத்த வட்டங்கள் விழுந்ததற்குக் காரணமும் இதுவே: அரக்கு எதில் கரைந்து வந்ததோ அதே ஆல்கஹால் மறுபடி அதைக் கரைத்துவிட்டது. உங்கள் வீட்டு மரச்சாமான்மீது இருப்பது அரக்கா, வேறு வார்னிஷா என்று அறிய, கண்ணில் படாத மூலையில் பஞ்சில் தொட்ட ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். ஒட்டும் பதத்துக்கு வந்தால் அரக்கு. சாமி விளக்கு எரியும்போது மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். மண்ணெண்ணெய் போட்டுக் கதவு துடைக்கும் வழக்கத்தையும் அடியோடு விட்டுவிடலாம்.

காரமில்லாத பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு, ஒரு செம்புத் தண்ணீரில். அவ்வளவுதான் சோப்பு. பின்னால் வெறும் ஈரத்துணி, அதற்கும் பின்னால் உலர்ந்த துணி. மரத்தில் ஏறிய மஞ்சள் கறையைத் தேய்க்கவே தேவையில்லை. குர்குமினை வெயில் சிதைத்துவிடும். கதவை வெளிச்சத்துக்குத் திறந்து வைத்தால் நாளாவட்டத்தில் வெளிறிவிடும்.

அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களையும் பொன்முலாம் பூசிய மரச்சிற்பங்களையும் சுத்தம் செய்யும் வல்லுநர்கள் காலம் காலமாகப் பயன்படுத்தி வந்த திரவம் என்ன தெரியுமா? பஞ்சில் தொட்ட உமிழ்நீர். அது ஏன் வேலை செய்கிறது என்று போர்ச்சுகலைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டார்கள். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதிக்கு அதில் பெரும்பங்கு என்று கண்டார்கள். 2018-இல் அதற்கு, சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது. அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல், உடல் சூட்டில், ஒரு பஞ்சு நனையும் அளவு மட்டும். உலகின் விலைமதிப்பற்ற மரங்களைத் தொடுகிறவர்களின் அளவு அது. நாம் வாளியைத் தூக்குகிறோம்.

துடைத்த பின் எண்ணெய் தடவும் ஆசை வரும். ஊஞ்சல் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருந்து, கரிசல் தூசியையும் பஞ்சுத் தூசியையும் ஒட்டவைத்துக் கறுப்புப் படலமாக்கிவிடும். மரத்துக்கு ஏற்றது ஆளிவிதை எண்ணெய். காற்றின் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு அது கெட்டியான தோலாக மாறும். அப்படி மாறும்போது சூட்டை வெளிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1991 பிப்ரவரி 23 அன்று 38 மாடிக் கட்டடம் ஒன்றில், சுவர்ப் பலகைகளுக்கு மெருகேற்றிவிட்டுப் போட்டுப் போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அந்தத் துணியை விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிரம்பிய டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள். அருப்புக்கோட்டைக் கோடையில் இதில் சலுகை கிடையாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய கவலை பழைய பெயின்ட்தான். பழைய எனாமல் பலவற்றில் ஈயம் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களுக்கு ஈயக் குரோமேட் சேர்த்தார்கள். பெயின்ட் சீக்கிரம் காயவும் ஈய உப்புகளைச் சேர்த்தார்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவின் மேல் எத்தனை கோட்டில் எவ்வளவு ஈயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பெயின்ட் உரியாமல் இருக்கும்வரை ஈரத்துணித் துடைப்போடு ஆபத்தில்லாமல் நிற்கும். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், புளோலாம்ப்பால் சுட்டு உரிக்கும்போதும்தான் அது தூசியும் புகையுமாகி மூச்சுக்குள் போகிறது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் முதல் அடி. ஈயம் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். இந்த அளவுவரை கெடுதல் இல்லை என்று சொல்லத்தக்க எல்லையே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த மார்கழியில் கதவைச் சுரண்ட ஆள் வரும்போது, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். கீழே தார்பாய் விரியுங்கள். நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான தண்ணீர்த் தாளைக் கேட்டு வாங்கி, தெளிப்பானால் லேசாக நனைத்து நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். விளக்குமாறு போட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் வழித்தெடுங்கள். நாள் முழுக்க அந்தத் தூசியில் நிற்கிற பெயின்டருக்கு ஒரு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்; சாப்பிடும் முன் அவர் கை கழுவச் சோப்பும் தண்ணீரும் எடுத்து வையுங்கள். புது டின் வாங்கும்போது ஈயம் 90 பங்குக்குள் என்ற வரி அதில் அச்சாகியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.