சாத்தம் தமிழருக்கு ஓட்டு எந்த ஊரில்?

சட்டைப் பையில் புகைப்படத்தோடு வாக்காளர் அட்டை இருக்கிறது. வேலை சாத்தத்தில். அட்டையிலுள்ள விலாசமோ ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். இப்படிப்பட்ட ஒருவர் ஓட்டுப் போட வேண்டுமானால் ஹேடோ துறையில் கப்பலேறி, ஏறக்குறைய மூன்று நாள் கடலில் போய்ச் சென்னையில் இறங்கி, அப்புறம் ஒரு ராத்திரி பஸ்ஸில் உட்கார வேண்டும். திரும்பி வரவும் அதே பாடு. ஒரு ஓட்டுக்குப் பத்து நாள் கூலி போய்விடும்.

சாத்தம், போர்ட் பிளேரோடு பாலத்தால் இணைந்த சின்னத் தீவு. (2024 செப்டம்பரிலிருந்து அரசுக் காகிதங்களில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) 1883-ல் தொடங்கிய அரசு மர அறுவை ஆலையும் துறைமுகமும்தான் இங்கே பிழைப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிகோபாரில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். மூன்று தலைமுறையாக வேரூன்றியவர்களும் உண்டு. போன வருஷம் காண்டிராக்ட் வேலைக்கு வந்து இறங்கியவர்களும் உண்டு. சிக்கல் இரண்டாவது ரகத்துக்கு.

டி.என். சேஷன் 1993-ல் புகைப்பட அட்டைக்கு உத்தரவு போட்ட நாளிலிருந்து, அட்டை இருந்தால் ஓட்டு உண்டு என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. அட்டை இல்லாவிட்டால் ஆதார், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் என்று ஒரு டஜன் மாற்று ஆவணங்களைத் தேர்தல் கமிஷன் ஏற்கிறது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையால் பயனில்லை. பெயரோ ஓரிடத்தில்தான் இருக்கலாம். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில். 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்வது இது. பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை.

அப்படியானால் ஓட்டை இங்கேயே மாற்றிக்கொள்ளலாமே? படிவம் 8-ஐ நிரப்பினால் போதும். ஆனால் மனசு வருவதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. அந்தமானுக்குச் சட்டசபை கிடையாது. இத்தனை தீவுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. அந்த எம்.பி.யையும் 1967 வரை ஜனாதிபதிதான் நியமித்தார். அவரை விட்டால் நகராட்சி, பஞ்சாயத்து, அவ்வளவுதான். ஊரில் பெயர் இருந்தால் எம்.எல்.ஏ.வையும் தேர்ந்தெடுக்கலாம், பஞ்சாயத்துத் தலைவரையும் கேள்வி கேட்கலாம். பெண்டாட்டி பிள்ளைகள் வாழும் ஊரின் ரோட்டையும் தண்ணீரையும் தீர்மானிக்கும் ஓட்டை விட்டுக்கொடுத்து, ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யப்போகும் தகரக் கொட்டகையின் பேரில் ஓட்டு வாங்குவது லாபமா நஷ்டமா? சட்டம் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் போனால் ரேஷன் கார்டும் போய்விடும் என்ற பயம் வேறு. இரண்டும் வேறு வேறு பட்டியல்கள் என்பதை யாராவது உரக்கச் சொல்லலாம்.

மாற்றத் துணிந்தவருக்கும் விலாசச் சான்று தேவை. மின் கட்டண ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் என்று பட்டியல் நீள்கிறது. கொட்டகையில் நாலு பேரோடு படுப்பவருக்கு ஏது மின் ரசீது? வீடே இல்லாதவர் படுத்துறங்கும் இடத்துக்கு அலுவலர் ராத்திரியில் வந்து பார்த்துப் பெயர் சேர்க்க விதியில் வழியிருக்கிறது. அதைத் தெரிந்து கேட்பவர்கள் குறைவு.

தேர்தல் தேதிகளும் ஒரு கதை சொல்கின்றன. 2014-ல் அந்தமானில் ஏப்ரல் 10, தமிழ்நாட்டில் ஏப்ரல் 24. 2019-ல் 11-ம் 18-ம். அந்தந்த இடைவெளியில் ஒரு கப்பல் பயணத்துக்கு நேரமிருந்தது. 2024-ல் இரண்டு இடத்திலும் ஏப்ரல் 19.

இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்கு 2025-ல் முடிவு கட்ட வந்தது சிறப்புத் தீவிரத் திருத்தம். அக்டோபர் 27-ல் அறிவித்த இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடும் அந்தமானும் சேர்ந்தே மாட்டின. இரண்டு ஊரிலும் பெயர் இருந்தவர் ஒரு படிவத்தில் மட்டும் கையெழுத்திட வேண்டும். டிசம்பரில் வரைவுப் பட்டியல்கள் வந்தபோது தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அந்தமானில் 3.10 லட்சம் வாக்காளர்களில் சுமார் 64,000 பேர் இல்லை. ஐந்தில் ஒருவர்! இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் இதில் அடக்கம்தான். ஆனால் அலுவலர் மூன்று முறை கதவைத் தட்டியபோது வேலைக்குப் போயிருந்தவரும், கடலில் இருந்தவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். அவர்கள் படிவம் 6-ஐ எடுத்துப் புது வாக்காளராகத் தொடங்க வேண்டும்.

பழைய 2002-04 பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருப்பதைக் காட்ட முடியாதவர் ஆவணம் கொடுக்க வேண்டும் என்பது திருத்தத்தின் விதி. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களை அரசு குடியமர்த்தியது. 2004 டிசம்பர் 26 சுனாமி கச்சாலைச் சிதைத்தது. அங்கே காகிதம் கேட்பவர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

வேறு வழியே இல்லையா? இருந்தது. இடம்பெயர்ந்தவர் இருக்கிற ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட, 72 தொகுதிகளைக் கையாளும் இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் கமிஷன் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரி 16-ல் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. எதிர்க்கட்சிகள் பல ஆட்சேபித்தன. தபால் ஓட்டு ராணுவத்தினர், தேர்தல் பணியாளர்கள், 85 வயது தாண்டியவர்கள் போன்ற சிலருக்கு உண்டு. சாத்தத்தில் மரம் தூக்குபவருக்கு இல்லை.