நீலத்தின் சாட்சியம்

பல நாடுகளிலிருந்து இந்த நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். சிலருக்கு இது காலை, சிலருக்கு நள்ளிரவு.

இது இலக்கிய அரங்கு. பழங்காலத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தால் நாம் முதலில் தேடுவது நூலைத்தான். யார் எழுதினார், எந்த நூற்றாண்டில் எழுதினார், பாடபேதம் உண்டா என்று பார்க்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் எழுதியவர்கள் விட்டுவிட்ட செய்திகள் பல, பொருள்களில் தங்கியிருக்கின்றன. அதேபோல, பொருள்கள் ஒருபோதும் சொல்லாத செய்திகளும் உண்டு. அவற்றை எழுத்துத்தான் காப்பாற்றித் தருகிறது. இந்த இரண்டு சாட்சிகளையும் சேர்த்து விசாரிப்பது எப்படி என்பதே இன்றைய என் பேச்சு. அதற்காக ஒரு நிறத்தை எடுத்துக்கொள்கிறேன்: நீலம்.

ஏன் நீலம்? பூசுவதற்கு மிக அரிதாகக் கிடைத்த நிறம் அது. வானமும் கடலும் நீலமாக இருக்கும்போது இது விந்தையாகப் படலாம். ஆனால் வானத்தை அள்ளிச் சுவரில் பூச முடியாது. காற்றிலுள்ள மூலக்கூறுகள் சூரிய ஒளியின் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடிப்பதால் வானம் அப்படித் தெரிகிறது. மயிலின் கழுத்தும் இதே மாதிரித்தான். அந்த இறகை அரைத்தால் நீலம் மறைந்துவிடும், கருமை கலந்த பழுப்புத் தூள்தான் மிஞ்சும். இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது எழும் நிறம் அது. அடுக்குக் குலைந்தால் நிறமும் போய்விடும்.

சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணில் கிடைத்தன. கறுப்பு அடுப்புக் கரியில் கிடைத்தது. பழைய கற்காலக் குகை ஓவியங்கள் சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நீலம் வேண்டுமென்றால் மனிதர் அதைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும், இல்லையேல் தாமே செய்ய வேண்டும்.

தாமே செய்தவர்களில் முன்னோடிகள் எகிப்தியர். சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன்பே மணல், சுண்ணாம்பு, செம்பு, காரவுப்பு ஆகியவற்றைக் கலந்து, ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீண்ட நேரம் சுட்டு ஒரு நீலப் பொருளை ஆக்கினார்கள். வெப்பம் மிஞ்சினால் கெட்டுவிடும், குறைந்தால் நிறம் கூடிவராது. வெப்பமானி இல்லாத காலத்தில் இதைக் கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் அறிந்து செய்திருக்கிறார்கள்.

இந்த அறிவு உரோமருக்கும் வந்து சேர்ந்தது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தமது நூலில் இதன் செய்முறையை எழுதியிருக்கிறார். மணல், காரவுப்பு, செப்புத் தூள் என்று வரிசையாகச் சொல்கிறார். சுண்ணாம்பைச் சொல்லவில்லை. சுண்ணாம்பு இல்லாமல் அந்த நீலம் உருவாகாது. இத்தாலியக் கரையோர மணலிலேயே சிப்பித் துகள்கள் கலந்திருந்ததால் சுண்ணாம்பைத் தனியே சேர்க்கும் தேவை வந்திராது என்று விளக்கம் தருகிறார்கள். பட்டறையில் நின்றவருக்கு அது பிரச்சினையே அல்ல. நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறோர் ஊரில் முயல்பவர் என்ன செய்வார்? உரோமப் பேரரசு சிதைந்து பட்டறைகள் ஒழிந்தபின் அந்த நீலம் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. நூல் இருந்தது, செய்யத் தெரிந்த கைகள் இல்லை. 1815இல் ஆங்கில இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவி பழைய உரோமச் சுவரோவியங்களின் நிறங்களை ஆராய்ந்து அதன் கூறுகளைக் கண்டறிய வேண்டியிருந்தது.

இதே நீலம் இன்னொரு சாட்சியமும் சொல்லியிருக்கிறது. கிரேக்கச் சிலைகள் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது வெள்ளைப் பளிங்கு. அந்த வெண்மையையே தூய அழகின் இலக்கணமாக ஐரோப்பா பல நூற்றாண்டுகள் போற்றியது. எகிப்திய நீலத்துக்கு ஒரு விசேட குணம் உண்டு. அதன்மீது சாதாரண ஒளியைப் பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது உமிழும். கண்ணுக்கே படாத சில துகள்கள் மிஞ்சியிருந்தாலும் அதற்குரிய கமெராவில் அவை பளிச்சென்று தெரியும். இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள பார்த்தினன் சிற்பங்களை இப்படிப் படம்பிடித்தபோது ஐரிஸ் தேவதையின் இடைக்கச்சையில் நீலம் ஒளிர்ந்தது. வெள்ளைச் சிலைகள் ஒரு காலத்தில் வண்ணச் சிலைகளாக நின்றன. மழையும் வெயிலும் கழுவியதை அழகியல் கொள்கை ஆக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இனி, தொலைவிலிருந்து வந்த நீலத்தைப் பார்ப்போம். ஆப்கானிஸ்தானின் வடகிழக்கே பதக்‌ஷான் மலைகளில் சார்-இ-சங் என்ற இடத்தில் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல் வெட்டியெடுக்கப்படுகிறது. மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளிலும், துட்டன்காமுனின் பொன் முகமூடியில் கண்களைச் சுற்றியும் இந்தக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. மணியாகக் கோப்பது எளிது, நிறப்பொடியாக்குவது கடினம். வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறம்தான் வரும். அரைத்த பொடியை மெழுகும் பிசினும் சேர்த்து மாவைப்போலப் பிசைந்து, சாம்பல் நீரில் மீண்டும் மீண்டும் அலசினால் அழுக்கெல்லாம் பிசினில் தங்க, நீலம் மட்டும் நீரில் இறங்கும். கடல் கடந்து வந்ததால் ஐரோப்பியர் அதற்கு அல்ட்ராமரின் என்று பெயர் வைத்தார்கள். கன்னி மரியாளின் மேலாடைக்கு அதைப் பூசுவது பக்தியின் அளவையும் பணப்பையின் அளவையும் ஒருசேரக் காட்டியது.

அந்தக் காலத்து ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளை எழுதியவர்கள், அலங்கரித்தவர்கள் யார்? ஆண் துறவிகள் என்றே நீண்ட காலம் பொதுவாக நம்பப்பட்டது. பெண்கள் தம் பெயரைச் சுவடியில் எழுதிவைத்தது அரிது. நான் வாழும் ஜேர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில் ஒரு கன்னியர் மடம் இருந்தது. அதன் கல்லறைத் தோட்டத்தில், ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் இறந்த நடுவயதுப் பெண் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. அவர் என்ன உணவு உண்டார் என்று அறிய, பல்லில் படிந்து இறுகிய காறையை ஆய்வாளர்கள் எடுத்துக் கரைத்தார்கள். உள்ளே நீலத் துகள்கள் தெரிந்தன. சோதித்தால் லாபிஸ் லசூலி. 2019இல் இந்த ஆய்வு வெளிவந்தது. தூரிகையின் நுனியை நாவால் நனைத்துக் கூராக்கி அவர் ஓவியம் தீட்டியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட மிகப் பொருத்தமான விளக்கம். விலையுயர்ந்த அந்த நீலத்தை ஒருவர் கையில் கொடுக்கிறார்கள் என்றால் அவர் தேர்ந்த கலைஞராகவே இருந்திருப்பார்.

அந்த மடம் பின்னர் தீக்கிரையானது. அங்கிருந்த நூல்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. நூல்கள் எரிவது என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெயர் இல்லை, படைப்பு இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தானத்து மலையின் துகள் ஒரு பெண்ணின் பல்லில் ஒட்டிக்கொண்டு, இவர் ஓவியர் என்று சாட்சி சொல்லிவிட்டது.

அந்த விலையுயர்ந்த நீலம் பின்னர் என்ன ஆனது தெரியுமா? 1824இல் பிரான்சில் ஒரு சங்கம், அல்ட்ராமரினைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6000 பிராங்க் பரிசு அறிவித்தது. 1828இல் கிமே என்பவர் அதைப் பெற்றார். அதன்பின் விலை அடியோடு சரிந்தது. எங்கள் அம்மாமார் வெள்ளைச் சட்டைகளைத் தோய்த்தபின் வாளியில் கரைத்த பழைய நீலத்தூள் அந்தச் செயற்கை அல்ட்ராமரின்தான். மரியாளின் ஆடைக்கு என்று ஒதுக்கிய நிறம் பள்ளிக்கூடச் சீருடைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

அடுத்தது பெர்லினில் பிறந்த நீலம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டீஸ்பாக் என்ற நிறம் செய்பவர் சிவப்புச் சாயம் செய்யப் போனாராம். அவருக்குக் கிடைத்த பொட்டாஷ் உப்பில் விலங்கு இரத்தத்தின் கழிவு கலந்திருந்ததாம். கலவை நீலமாகிவிட்டது. பிரஷ்ய நீலம் தோன்றியதற்குச் சொல்லப்படும் கதை இது. மலிவான, ஆழமான நீலம். ஜப்பான் வரை போய், ஹொக்குசாயின் பேரலைக்கும் நிறம் தந்தது.

1782இல் ஷீலே என்ற இரசாயனவியலாளர் இந்த நீலத்திலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். ஐதரசன் சயனைட்டு என்ற கொடிய நஞ்சு அது. ஜேர்மன் மொழியில் அதற்கு இன்றும் நீல அமிலம் என்றே பெயர். நாசிகள் நச்சுவாயு அறைகளில் இதையும் பயன்படுத்தினார்கள். போலந்தின் மைதானெக் முகாமில் அந்த அறைச் சுவர்களில் நீலக் கறை இன்றும் இருக்கிறது. நஞ்சு, சுவரிலிருந்த இரும்போடு சேர்ந்து மறுபடியும் பிரஷ்ய நீலமாகிவிட்டது. இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாச் சுவரிலும் இந்தக் கறை உண்டாகாது. ஈரம், வெப்பம், பூச்சு, வாயு தங்கிய நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது அது. கறை இல்லாத இடத்தில் கொலை நடக்கவில்லை என்று வாதிடும் பொய்யர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிராக நிற்பவை ஆவணங்களும் தப்பியவர்களின் வாக்குமூலங்களும். பொருளின் மௌனத்தைச் சாட்சியமாக எடுக்கக் கூடாது.

இதே பிரஷ்ய நீலம்தான் தாலியம், கதிரியக்கச் சீசியம் ஆகியவை உடலில் சேர்ந்தவர்களுக்கு இன்று மருந்தாகவும் கொடுக்கப்படுகிறது. பொருளுக்கு நன்மை தீமை தெரியாது.

பொருளின் மௌனம் என்றேன். அதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு அவுரி. அவுரி இலையை நீரில் ஊறவைத்தால் பச்சையும் மஞ்சளுமான சாறு இறங்கும். அந்த நீரைக் காற்றுப்பட அடித்துக் கலக்கினால் நீலம் திரண்டு அடியில் படியும். இந்தியாவிலிருந்து வந்த பொருள் என்பதால் கிரேக்கர் அதை இந்திகோன் என்றார்கள். அதிலிருந்தே இண்டிகோ என்ற சொல் வந்தது. 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் நெல் விளைய வேண்டிய நிலத்தில் அவுரி பயிரிடுமாறு ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் உழவர்களை வற்புறுத்தினார்கள். முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டினார்கள். தந்தை பட்ட கடன் மகன் தலையிலும் விழுந்தது. 1859இல் உழவர்கள் இனி விதைப்பதில்லை என்று எழுந்தார்கள்.

அக்காலத்துச் சாயத் துணி ஒன்றை இன்று ஆய்வுகூடத்தில் வைத்துச் சோதித்தால் இது அவுரி என்று சொல்லிவிடலாம். விதைத்தவன் பட்டினி கிடந்தானா, அடிபட்டானா என்பதைத் துணி சொல்லாது. அதை எழுத்து சொன்னது. அஞ்சல் துறையில் பணிபுரிந்த தீனபந்து மித்ரா 1860இல் நீல்தர்ப்பண் என்ற நாடகத்தை எழுதினார். நீலத்தின் கண்ணாடி என்று பொருள். முதலில் ஆசிரியர் பெயரே இல்லாமல்தான் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு 1861இல் ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும் கிடைத்தன. ஒரு நாடகத்துக்கு இவ்வளவு அஞ்சினார்கள் என்றால் துணி சொல்லாததை அது சொல்லிவிட்டது என்றுதான் அர்த்தம்.

1897இல் ஜேர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனிலிருந்து செயற்கை இண்டிகோ சந்தைக்கு வந்தது. அவுரி வணிகம் சரியத் தொடங்கியது. ஆனாலும் 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனது அவுரி உழவர்களின் குறை கேட்கத்தான்.

கடைசியாக ஒரு புதிய நீலம். 1863இல் ஜேர்மனியின் பிரைபெர்க்கில் இரண்டு அறிவியலாளர்கள் ஒரு புதிய உலோகத்தின் நிறமாலையில் இண்டிகோ நிறக் கோடு ஒன்றைக் கண்டு, அதற்கு இந்தியம் என்று பெயரிட்டார்கள். 2009இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாஸ் சுப்பிரமணியனின் ஆய்வுக்குழு, மின்னணுக் கருவிகளுக்கான ஒரு பொருளைத் தேடி, இற்றியம், இந்தியம், மங்கனீசு ஆகியவற்றின் ஒட்சைட்டுகளைக் கலந்து சுமார் 1200 பாகையில் சுட்டது. உலையிலிருந்து மாணவர் எடுத்தபோது அது பளிச்சிடும் நீலமாக இருந்தது. சுப்பிரமணியன் சென்னையில் பிறந்தவர், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். தேடியது வேறு, கிடைத்தது வேறு. கிடைத்ததன் மதிப்பை அறியப் பயிற்சி பெற்ற கண் அங்கே இருந்தது. அந்தப் புதிய நீலத்துக்குள் இருக்கும் இந்தியம், அவுரியின் வழியாக இந்தியாவின் பெயரைச் சுமக்கிறது. நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொடுதிரையிலும் பெரும்பாலும் அதே இந்தியம்தான் இருக்கிறது.

நண்பர்களே, அடுத்த முறை ஓர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருளைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது எதனால் ஆனது? இதற்காக உழைத்தவர் யார்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பொருளே பதில் சொல்லும். இரண்டாவதற்கு யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். எழுதியதும் எரிந்துபோயிருந்தால், டால்ஹைம் பெண்ணைப்போல ஒரு துகளாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேட வேண்டும். நம்முடைய வரலாற்றைப் பேசும்போதும் பழம்பெருமையோடு நின்றுவிடாமல் இந்த இரண்டு சாட்சிகளையும் அழைத்து விசாரிக்கப் பழகுவோம்.

கேள்விகளை எழுதுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.