படகு வந்த பிறகுதான் முதற்பாடம்

ஜப்பான் அரசு 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தின் கீழ் அங்கே ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவர்களைக் குழப்பும் வழக்கம் ஒன்று உண்டு. மாணவர்களுக்கு விடுமுறை, பாடமும் இல்லை. ஆனாலும் ஆசிரியர் பள்ளிக்கு வந்து தன் மேசையில் இருக்கவேண்டும். அங்கே ஆசிரியரும் ஓர் அலுவலர், பாடம் இல்லாத நாளும் வேலைநாள்தான் என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். இப்படிப்பட்ட வழக்கங்களைச் சந்திக்க வெளிநாடு போகவேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு நெடுந்தீவில் நியமனம் கிடைத்தால் போதும்.

இலங்கையில் அரச பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடியும். நேரம் கடந்ததும் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்குக் கீழே கையொப்பம் வைப்பவர் பிந்தி வந்தவர். கொழும்பிலும் அதே கோடு, நெடுந்தீவிலும் அதே கோடு. ஆனால் யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்படுகிறவர் பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே ஏறத்தாழ ஒரு மணிநேரம் பிடிக்கும். அதன்பின் குமுதினிப் படகிலோ வடதாரகைப் படகிலோ இன்னொரு மணிநேரம் கடலில். சோழகக் காற்று எழுந்து கடல் குழம்பினால் அந்தக் கணக்கும் பிழைத்துவிடும். ஆகவே மணியடித்தும் வகுப்பு தொடங்காமல் படகு கரைசேரக் காத்திருப்பதும், கடைசிப் பாடவேளையில் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் புதிதாக வருகிறவருக்கு ஒழுங்கீனமாகத் தெரியும். ஒழுங்கீனம்தான் காரணமென்றால் அது தீவகக் கல்வி வலயம் முழுவதிலும் ஒரே அளவில் இருக்கவேண்டும். அப்படி எதிர்பார்க்க முடியாது. ஊர்காவற்துறைக்குப் பேருந்து ஓடுகிறது. நயினாதீவுக்குக் கடல்வழி குறைவு, நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வருகிற யாத்திரிகர்களால் படகுக்கும் பஞ்சமில்லை. நெடுந்தீவுக்குத்தான் ஒரு படகைத் தவறவிட்டால் நாளே தவறிப்போகிறது. இன்னொன்று, குமுதினியை நடத்துவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. அந்தக் கடல் ஒரு வீதி என்பதை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது, வரவுப் பதிவேடுதான் இன்னும் ஏற்கவில்லை.

கஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்திக் கொடுப்பனவும் தருகிறார்களே, தீவிலேயே தங்கினால் என்ன என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேறு பள்ளியில் படிக்கிறார்கள், வீட்டில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். நெடுந்தீவிலோ கிணற்று நீர் பல இடங்களில் உவர். கொடுப்பனவு கையில் வந்துவிட்டால் வீடும் தண்ணீரும் தாமாக வந்துவிடுமா? ஜப்பான் 1954இல் ஒதுக்குப்புறப் பகுதிகளின் கல்விக்கென்று தனிச் சட்டம் இயற்றியபோது, ஆசிரியருக்கு வீட்டு வசதி செய்து தருவதையும் உள்ளூராட்சியின் கடமைகளில் சேர்த்தது. விடுமுறையிலும் ஆசிரியரை மேசையில் இருத்துகிற அதே நாடுதான், தீவில் படிப்பிக்கிறவர் இரவில் எங்கே படுப்பார் என்பதையும் யோசித்தது.

இதைவிடக் கனமான மறுப்பு பிள்ளைகளின் பக்கத்திலிருந்து வருகிறது. நாளுக்கு அரைமணி வீணானால் 200 பள்ளி நாட்களில் 100 மணிநேரம் போய்விடும். காற்றின் மேல் பழிபோட்டு அந்த இழப்பை மறைக்க முடியாது. ஆனால் சிவப்புக் கோட்டை இறுக்கினாலும் போன நேரம் திரும்பாது, ஆசிரியர் இடமாற்றத்துக்கு நாள் எண்ணுவதுதான் நடக்கும். படகு நேரத்தை நிர்ணயிக்கிறவர்களும் வலயக் கல்விப் பணிமனையும் ஒன்றாக இருந்து நேரசூசி போட்டால் ஓரளவு மீட்கலாம்.

உள்ளூர் ஆட்களையே நியமித்தால் படகுப் பிரச்சினையே இல்லையே என்பது அடுத்த யோசனை. வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் ஏற்கெனவே ஒருவகையில் அதைச் செய்தவர்கள். நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்காகப் படிப்பித்தார்கள். சம்பளமில்லாத ஆசிரியர் என்ற ஏற்பாடு வெளியாருக்கு விநோதம். அது அவர்களுக்கு இழைத்த அநியாயமும்கூட, ஆனாலும் வகுப்பறைகள் வெறுமையாகாமல் காத்தவர்கள் அவர்களே. ஆரம்ப வகுப்புகளுக்கு உள்ளூர் நியமனம் நல்ல வழி. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அது உடனே உதவாது. நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று கணித ஆசிரியராக வரவேண்டுமானால், அதற்குக் கணிதம் படிப்பிக்கிறவர் இப்போதைக்குக் குறிகட்டுவானிலிருந்துதான் வந்தாகவேண்டும்.