கதவைத் திறந்தவர்கள்

“ஹிட்லரையும் மக்கள்தாமே ஓட்டுப் போட்டு உட்கார வைத்தார்கள்?”

விடுதியில் அரசியல் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாசகம் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. நம் சங்கத்து அன்பர்கள் நாலு பேர் கூடுமிடத்திலும் கேட்டிருக்கிறேன். வடநாட்டு நண்பர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். சொல்லுகிறவர் பெரும்பாலும் அத்துடன் நிறுத்துவதில்லை. “படியாத மக்கள் கையில் வாக்குரிமையைக் கொடுத்தால் இப்படித்தான் முடியும், ஆட்சியை விஷயம் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்துவிடுவதே நலம்” என்று முடிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கும் உள்ளூர ஒரு மகிழ்ச்சி. விஷயம் தெரிந்தவர்கள் என்றால் நாளைக்குப் பட்டம் வாங்கப்போகும் நாம்தாமே!

வரலாற்று மாணவன் என்ற முறையில் இந்த வாசகத்தைச் சற்றுத் தட்டிப் பார்க்க விரும்பினேன். பார்த்தபோது அதில் பாதிதான் உண்மை என்று கண்டேன். மற்றப் பாதியை மறைத்து வைப்பதனால் யாருக்கு ஆதாயம் என்பதும் ஒருவாறு விளங்கிற்று.

எண்களைக் கண்டதும் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதையில் எண்களே முக்கியமான சாட்சிகள். 1919-ஆம் ஆண்டு வைமார் நகரில் வகுக்கப்பட்ட ஜெர்மன் அரசியல் அமைப்பு, 20 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. ஒரு கட்சி பெறும் வாக்கு எத்தனையோ, அந்த விகிதத்திலேயே அதற்குப் பார்லிமெண்டில் இடம். இந்த முறையில் 1928 மே மாதம் நடந்த தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்றது 2.6 சதவிகிதம், கிடைத்தவை 12 இடங்கள். அரசியல் அறிஞர்கள் அதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. 1930 செப்டம்பரில் 18.3 சதவிகிதம், 107 இடங்கள். 1932 ஜூலையில் 37.3 சதவிகிதம், மொத்தம் 608-ல் 230 இடங்கள். நாட்டின் மிகப் பெரிய கட்சி அதுவே ஆயிற்று.

நம்மில் பலர் இதுவரைதான் படித்திருக்கிறோம். அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் ஒரு தேர்தல் வந்தது. நாஜிகளுக்கு 20 லட்சம் வாக்குகள் குறைந்தன. 33.1 சதவிகிதமாகவும் 584-ல் 196 இடங்களாகவும் இறங்கினார்கள். கட்சியின் பணப்பெட்டி காலி, தொண்டர்களிடையே சோர்வு. அந்த ஆண்டு வசந்த காலத்தில் நடந்த ஜனாதிபதி தேர்தலிலும், இறுதிச் சுற்றில் கிழவர் ஹிண்டன்பர்க் 53 சதவிகிதம் பெற, ஹிட்லர் 36.8 சதவிகிதத்தோடு தோற்றிருந்தார். அவர் சான்ஸ்லர் ஆனது 1933 ஜனவரி 30-ந் தேதி. சான்ஸ்லர் என்பது அங்கே பிரதமர் பதவி. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் ஜெர்மன் மக்களில் பாதிப்பேர் அவரை விரும்பவில்லை. விரும்பியவர்களின் தொகையும் குறையத் தொடங்கிய வேளையில்தான் அவருக்குப் பதவி கிடைத்தது.

விகிதாசார முறைதான் அவரை வளர்த்தது என்று ஒரு கட்சியார் வாதிப்பதுண்டு. 2.6 சதவிகிதக்காரருக்கு 12 நாற்காலி கொடுத்தது அந்த முறை என்பது மெய்தான். ஆனால் நம் நாட்டு முறையை நினைத்துப் பாருங்கள். 1952-ல் காங்கிரசுக் கட்சி 45 சதவிகித வாக்குகளைக்கொண்டு 489-ல் 364 இடங்களைப் பெற்றது. தொகுதிவாரியாக அதிக வாக்குப் பெற்றவரே வென்றார் என்னும் முறை ஜெர்மனியில் இருந்திருப்பின், 1932 ஜூலையிலேயே ஹிட்லர் தனிப்பெரும்பான்மை பெற்றிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. முறையின்மேல் மட்டும் பழியைப் போட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

சரி, அந்த 37 சதவிகிதம் எங்கிருந்து வந்தது? பொருளாதார மந்தம் என்று ஒரே சொல்லில் விடை எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும், விஷயம் விளங்காது. 1932-ன் தொடக்கத்தில் ஜெர்மனியில் 60 லட்சம் பேர் வேலையற்றிருந்தனர். ஆனால் அப்படி வேலையிழந்த தொழிலாளி பெரும்பாலும் நாஜிகளிடம் போகவில்லை, கம்யூனிஸ்டுகளிடம் போனான். நாஜிகளுக்கு வாக்குகளை அள்ளிக் கொடுத்தவை பிராடஸ்டண்டு கிராமங்களும் சிறு நகரங்களும். கடனில் மூழ்கிய குடியானவன், கடையை மூட நேருமோ என்று அஞ்சிய சிறு வியாபாரி, ஓய்வூதியத்தின் மதிப்புக் கரைந்துபோன பழைய உத்தியோகஸ்தர் ஆகியோர் அவர்களில் மிகுதி. வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் தொகுதியில் அவர்களுக்குப் பாதிக்கு மேல் விழுந்தது. கத்தோலிக்கர் மிகுந்த கொலோன்-ஆகன் தொகுதியிலோ ஐந்தில் ஒரு பங்குதான். அங்கே கத்தோலிக்க மத்தியக் கட்சி தன் மக்களைப் பிடித்து வைத்திருந்தது. பற்றிக்கொள்ள ஒரு கட்சியோ சங்கமோ இருந்தவர்கள் அசையவில்லை. தாம் நம்பியிருந்த நடுத்தரக் கட்சிகள் கண்ணெதிரே கரைந்துபோனவர்களே அசைந்தார்கள்.

இந்த இடத்தில் மாணவர்களாகிய நாம் தலைகுனிய ஒரு செய்தி உண்டு. ஜெர்மன் மாணவர் சங்கங்களின் பேரவைத் தலைமை 1931-ஆம் ஆண்டிலேயே நாஜி மாணவர்களின் கைக்குப் போய்விட்டது. நாடு ஹிட்லரிடம் போவதற்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே பல்கலைக்கழகங்கள் போய்விட்டன! 1933 மே 10-ந் தேதி இரவு பெர்லினிலும் பிற பல்கலைக்கழக நகரங்களிலும் நூல்களைக் குவித்துத் தீயிட்ட விழாவை முன்னின்று நடத்தியதும் அதே பேரவைதான். ஜெர்மனியில் அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர் மிக அரியர். படியாத மக்களால் வந்த கேடு என்று பேசுகிறவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ, அறியேன்.

வாக்குகளின் கதை இது. மறைக்கப்படும் மற்றப் பாதி, அந்த வாக்குகளைப் பிறர் என்ன செய்தார்கள் என்பது. 1930 மார்ச்சில் சமூக ஜனநாயகக் கட்சியார் தலைமையில் இருந்த கூட்டு மந்திரிசபை, வேலையில்லாதோர் காப்பு நிதிக்கு எவ்வளவு சந்தா வசூலிப்பது என்ற தகராறில் கவிழ்ந்தது. இவ்வளவு சிறிய கல்லில் தடுக்கி இவ்வளவு பெரிய வண்டி கவிழ்ந்தது வரலாற்றில் அபூர்வம். அதன்பின் பார்லிமெண்டுப் பெரும்பான்மையோடு ஆட்சி செய்த மந்திரிசபை ஒன்றுமே அமையவில்லை. அரசியலமைப்பின் 48-வது பிரிவு, ஆபத்துக் காலத்தில் அவசர ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுத்திருந்தது. புரூனிங் என்ற சான்ஸ்லர் அந்த மருந்தையே அன்றாட உணவாக்கினார். 1932-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டங்கள் ஐந்தே ஐந்து; அவசர ஆணைகளோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஜனநாயகத்தை ஹிட்லர் வந்து கொன்றார் என்கிறோம். அவர் வருவதற்கு மூன்றாண்டுக்கு முன்பே அது படுக்கையில் விழுந்திருந்தது.

இதற்கிடையில் பழமைவாதிகள் ஹிட்லருக்கு மரியாதை தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை முதலாளியும் தேசியக் கட்சித் தலைவருமான ஹூகன்பர்க், 1929-ல் போர் இழப்பீட்டுத் திட்டத்தை எதிர்க்கும் கிளர்ச்சியில் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். 1930 ஜனவரியில் துரிங்கியா மாநிலத்தில் வலதுசாரிக் கட்சிகள் பிரிக் என்னும் நாஜிக்கு மந்திரி பதவி கொடுத்தன. ஜெர்மனியில் நாஜி ஒருவர் மந்திரியானது அதுவே முதல் தடவை. இடதுசாரிகளும் சும்மா இருக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் சமூக ஜனநாயகக் கட்சியாரையே “சமூக பாசிஸ்டுகள்” என்று ஏசிக்கொண்டிருந்தனர். வீடு பற்றியெரியும்போது அண்ணனும் தம்பியும் பாகப் பிரிவினைக்கு வழக்காடியது போல.

பாப்பன் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1932 ஜூனில் சான்ஸ்லரானவர். அடுத்த மாதமே பிரஷ்யாவின் சமூக ஜனநாயக மந்திரிசபையை அவசர ஆணையால் கலைத்தவர். பிரஷ்யா ஜெர்மனியில் ஐந்தில் மூன்று பங்கு. அதன் போலீசும் அவ்வளவு பெரிது. ஆண்டு முடிவில் ஷ்லைகர் என்ற தளபதி அவரைத் தள்ளிவிட்டுத் தாமே சான்ஸ்லரானார். அந்தக் கோபம் ஆறாத பாப்பன், 1933 ஜனவரி 4-ந் தேதி கொலோன் நகரில் ஒரு பாங்கர் வீட்டில் ஹிட்லரை இரகசியமாகச் சந்தித்தார். மாத முடிவுக்குள் ஹிண்டன்பர்க்கின் மனமும் மாற்றப்பட்டது. அமைந்த மந்திரிசபையில் ஹிட்லரைச் சேர்த்து நாஜிகள் மூவர்தாம். பாப்பன் துணைச் சான்ஸ்லர். மற்றவர் யாவரும் பழமைவாதிகளும் அவர்களைச் சார்ந்தோரும். ஹிட்லரை நாம் வேலைக்கு அமர்த்தியிருக்கிறோம் என்ற பொருளில் பாப்பன் நண்பர்களிடம் பெருமை பேசினாராம். ஆனால் அந்த மூவரில் கோரிங் கையில் பிரஷ்யப் போலீசு போய்ச் சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு முன் பாப்பன் தம் கையாலேயே பறித்து வைத்த அதே போலீசுதான்!

பின்னே நடந்தவை விரைவாகச் சொல்லக்கூடியவை. பிப்ரவரி 27 இரவு பார்லிமெண்டு மாளிகை எரிந்தது. மறுநாள் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் ஆணையால் நின்றன. எதிர்க்கட்சியார் சிறையிலும் அடியாட்கள் தெருவிலும் இருக்க, மார்ச்சு 5-ல் தேர்தல் நடந்தது. அப்போதுகூட நாஜிகள் பெற்றது 43.9 சதவிகிதம்தான். மார்ச்சு 23-ல், மந்திரிசபையே சட்டம் செய்துகொள்ள அதிகாரம் கொடுக்கும் மசோதா வந்தது. கம்யூனிஸ்டு உறுப்பினர் 81 பேரில் ஒருவரும் உள்ளே வர முடியவில்லை. நாஜிக் காவலர் சூழ்ந்து நின்ற மண்டபத்தில் ஓட்டோ வெல்ஸ் என்னும் சமூக ஜனநாயகத் தலைவர் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவர் கட்சியார் 94 பேர் எதிராக வாக்களித்தனர். மத்தியக் கட்சி உட்பட மற்றவர் 444 பேர் ஆதரித்தனர். சட்டப்படி வேண்டியது மூன்றில் இரண்டு பங்கு; அதை நாஜிகள் தனியாகப் பெற வழியே இல்லை.

இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது விதியா? பக்கத்து நாட்டைப் பாருங்கள். பெல்ஜியத்தில் 1936-ஆம் ஆண்டு டெக்ரேல் என்ற இளைஞரின் ரெக்ஸ் கட்சி, முதல் தேர்தலிலேயே 11 சதவிகிதத்துக்கு மேல் பெற்று 202-ல் 21 இடங்களைப் பிடித்தது. வாய்வீச்சில் அவர் ஹிட்லருக்குச் சளைத்தவரல்லர். 1937 ஏப்ரலில் பிரஸ்ஸல்ஸில் ஓர் இடைத்தேர்தலை அவரே வலிய வரவழைத்துப் போட்டியிட்டார். கத்தோலிக்கர், லிபரல்கள், சோஷலிஸ்டுகள் ஆகிய மூன்று பெரிய கட்சிகளும் தங்களுக்குள் உள்ள பகையை ஒதுக்கி வைத்தன. பிரதமர் வான் ஸேலாண்டையே எதிர் வேட்பாளராக நிறுத்தின. கம்யூனிஸ்டுகளும் தனி ஆள் நிறுத்தவில்லை. டெக்ரேல் கத்தோலிக்க வாக்குகளை நம்பியிருந்தார். தேர்தலுக்குச் சில நாள் முன்பு கார்டினலே அவரைக் கண்டித்து அறிக்கை விட்டார். பிரதமருக்கு 76 சதவிகிதம், டெக்ரேலுக்கு 19. அடுத்த பொதுத் தேர்தலில், 1939-ல், ரெக்ஸுக்குக் கிடைத்தவை 4 இடங்கள். பெல்ஜியத்து வாக்காளர் ஜெர்மன் வாக்காளரைவிட அறிவாளிகள் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலையில்லாத் திண்டாட்டமும் ஊழல் புகார்களும் அங்கேயும் இருந்தன. அங்கே ஒரு பாப்பன் வெற்றி பெறவில்லை, அவ்வளவே.

போருக்குப்பின் மேற்கு ஜெர்மானியர் 1949-ல் எழுதிய அடிப்படைச் சட்டத்தில் பழைய ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்திருக்கிறார்கள். அடுத்த சான்ஸ்லர் இன்னார் என்று பெரும்பான்மையோர் சேர்ந்து தேர்ந்தெடுத்தாலொழிய, இருக்கும் சான்ஸ்லரைப் பார்லிமெண்டு கவிழ்க்க முடியாது. கவிழ்க்க மட்டும் ஒன்றுகூடி, ஆள்வதற்குப் பிரிந்துபோகும் வழக்கத்துக்கு அது ஒரு பூட்டு. தேர்தல் சட்டத்தில் 5 சதவிகிதம் பெறாத கட்சிக்கு இடமில்லை என்று பொது விதி செய்தார்கள். 1969-ல் தேசிய ஜனநாயகக் கட்சி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 4.3 சதவிகிதத்தோடு வாசலிலேயே நின்றுபோனது இதனால்தான். ஜனநாயகத்தை ஒழிக்க முனையும் கட்சியைத் தடைசெய்ய அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1952-ல் நாஜிகளின் வாரிசாக எழுந்த ஒரு கட்சியை அது தடைசெய்தது.

ஆயினும் 20 சதவிகிதம் பெற்ற கட்சியை 5 சதவிகித விதி என்ன செய்யும்? 2013-ல் தோன்றி, முதல் தேர்தலில் 4.7 சதவிகிதத்தோடு வெளியே நின்ற ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்னும் கட்சி 2017-ல் 12.6 சதவிகிதம் பெற்றது, 2021-ல் 10.3 ஆக இறங்கி, 2025 பிப்ரவரியில் 20.8 சதவிகிதத்தோடு இரண்டாவது பெரிய கட்சியாயிற்று. இதை நாஜிக் கட்சியோடு ஒன்றாக வைத்துப் பேசுவது சரியன்று. தெருச்சண்டைப் படையும் இல்லை, 60 லட்சம் வேலையற்றோரும் இல்லை. ஆனால் மற்றக் கட்சிகளின் முன் நிற்கும் கேள்வி பழைய கேள்விதான். அதனோடு கூட்டுச் சேருவதில்லை என்று அவை தமக்குள் வகுத்துக்கொண்ட எல்லையை அங்கே ‘தீத்தடுப்புச் சுவர்’ என்கிறார்கள். அது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அவர்களுடைய உறுதி உள்ளவரைதான் அந்தச் சுவரும்.

2020 பிப்ரவரியில் அது ஒருநாள் இடிந்தது. லிபரல் கட்சியைச் சேர்ந்த கெம்மரிக் என்பவர், பழமைவாதிகளும் மாற்றுக் கட்சியாரும் சேர்ந்து போட்ட வாக்குகளால் ஒரு மாநிலத்தின் முதலமைச்சராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆப்பிரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்த சான்ஸ்லர் மெர்க்கல் அம்மையார் அங்கிருந்தபடியே அதைக் கண்டித்தார். மூன்றே நாளில் கெம்மரிக் இராஜிநாமாக் கொடுத்தார். அந்த மாநிலம் துரிங்கியா. 90 ஆண்டுகளுக்கு முன்பு பிரிக் மந்திரியான அதே துரிங்கியா.