பட்ஜெட் பவர் மீட்டர்: பெட்டியில் போட்ட ±1 சதவீதத்தை நம்பலாமா?

(எபிசோடின் ஒலிப்பதிவு, படிக்க வசதியாகத் தொகுத்துச் சுருக்கப்பட்டது.)

கோட்டுச்சேரியிலிருந்து பேசுறேன். கொஞ்ச நாளா ஒரே கேள்வி வேற வேற ரூபத்தில் வந்துக்கிட்டே இருக்கு. சென்னையில் முதல் வேலைக்குச் சேர்ந்திருக்கிற ஒரு தம்பி அனுப்பினது இது: "அண்ணா, 30 ஆயிரத்துக்கு சைக்கிள் பவர் மீட்டர் கிடைக்குது. பெட்டியில் ±1 சதவீதத் துல்லியம்னு போட்டிருக்கு. விலை கூடின மீட்டர்லயும் அதேதான் போட்டிருக்கு. அப்போ எதுக்கு அதிகம் கொடுக்கணும்? இல்ல, இது ஏமாத்து வேலையா?"

30 ஆயிரம்ங்கிறது நம்மில் பலருக்கு ஒரு மாசச் சம்பளம். அதனால மேலோட்டமா பதில் சொல்ல முடியாது. சுருக்கமான பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஏமாத்து வேலை இல்லை. ஆனா பெட்டியில் இருக்கிற அந்த ±1-ஐப் பார்த்து வாங்காதீங்க. நீங்க பார்க்க வேண்டிய எண் வேற. அதை வீட்டிலேயே ஒரு தண்ணி கேனை வச்சுக் கண்டுபிடிக்கலாம்.

பவர் மீட்டர் என்ன அளக்கிறது?

1986-இல் உல்ரிக் ஷோபெரர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். சைக்கிளில் பொருத்தி ஓட்டக்கூடிய பவர் மீட்டருக்கு வழிபோட்டது அதுதான். அடிப்படை யோசனை இன்றும் மாறவில்லை. நீங்கள் பெடலை மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. உலோகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய உணரி அந்த வளைவை மின்தடை மாற்றமாகப் பிடிக்கிறது. அதிலிருந்து முறுக்குவிசை, அதாவது டார்க், கிடைக்கும். அதை கிராங்க் சுற்றும் வேகத்தால் பெருக்கினால் வாட்.

ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்து 200 வாட் கொடுக்கிறீர்கள் என்றால், சராசரி டார்க் சுமார் 21 நியூட்டன் மீட்டர்தான். இந்தச் சின்ன விசையில் 1 சதவீத வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கணும். அதுவும் வெயில், மழை, குழி, வேகத்தடை எல்லாத்துக்கும் நடுவில். அதனாலதான் இது கஷ்டமான வேலை.

காற்றடிக்கிற ஊரில் வேகம் பொய் சொல்லும்

"எனக்கு வேகம் தெரிஞ்சா போதாதா?"ன்னு கேட்பீங்க. வாங்க, எங்க ரோட்டுக்கு.

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி, பூவம் வழியாகத் தரங்கம்பாடி போகிற ரோடு கடலை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுகிறது. தரை முழுக்கத் தட்டை. எங்க ஊர்ல ஏற்றம்னா ஆத்துப் பாலம்தான்! ஆனால் மலை செய்கிற வேலையை இங்கே காற்று செய்கிறது. மழைக்காலத்தில் வாடைக்காற்று அடித்தால் தரங்கம்பாடி போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று.

ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ, வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் ஏறக்குறைய 155 வாட் போதும். மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 300 வாட் வேண்டும். அதே காற்று முதுகில் தள்ளினால் 70 வாட்டே போதும். மூன்று முறையும் ஸ்பீடோமீட்டர் காட்டுவது 30 தான். ஆனால் ஒன்று உலாப் போகிற உழைப்பு, ஒன்று மூச்சு வாங்குகிற உழைப்பு.

இதயத்துடிப்பு பார்க்கலாமே? பார்க்கலாம், உதவும். ஆனால் துடிப்பு உழைப்புக்குப் பின்னால்தான் வரும். வேகமாக மிதித்து அரை நிமிடம் கழித்துத்தான் ஏறும். நம்ம ஊர் வெயிலில் ஒரே உழைப்புக்கே நேரம் ஆக ஆகத் துடிப்பு கூடிக்கொண்டே போகும். காற்று, வெயில் இந்த இரண்டையும் தாண்டி "நீ இப்போ எவ்வளவு உழைக்கிறாய்?" என்று சொல்வது வாட் மட்டும்தான். அதனால டெல்டா ரோட்டில் பவர் மீட்டருக்கு உண்மையான வேலை இருக்கு.

துல்லியம் என்பது ரெண்டு விஷயம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். வீட்டில் எடை பார்க்கிற மெஷின் எப்பவும் 2 கிலோ கூடவே காட்டுதுன்னு வச்சுக்கோங்க. உங்க உண்மையான எடை அதில் தெரியாது. ஆனா மூணு மாசத்தில் 4 கிலோ குறைஞ்சீங்களா இல்லையான்னு சரியா தெரியும். இன்னொரு மெஷின் இன்னிக்கு 2 கிலோ கூட, நாளைக்கு 1 கிலோ கம்மி. அதை வச்சு எதுவுமே சொல்ல முடியாது.

முதல் மெஷினில் தவறு உண்டு, ஆனால் அந்தத் தவறு மாறுவதில்லை. இரண்டாவதில் நிலைத்தன்மையே இல்லை. பயிற்சிக்கு நமக்கு வேண்டியது முதல் வகை. ஏனென்றால் உங்கள் உச்ச வரம்பை அதே மீட்டரில் சோதித்து, அதே மீட்டரில்தான் பயிற்சி செய்கிறீர்கள். எல்லா எண்ணும் 3 சதவீதம் கூட இருந்தால், வரம்பும் 3 சதவீதம் கூட இருக்கும். திட்டம் குலையாது.

பெட்டியில் போடுகிற ±1 சதவீதம் இந்த இரண்டில் எதைச் சொல்கிறது, எந்த வெப்பநிலையில், எந்தச் சோதனையில் என்பது அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துத் தெரியாது.

54 மீட்டர்களைச் சோதித்தபோது

2017-இல் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 32 பேர் உண்மையில் ஓட்டிக்கொண்டிருந்த, 9 நிறுவனங்களின் 54 பவர் மீட்டர்களை எடுத்துக்கொண்டார்கள். சைக்கிளை டிரெட்மில்லில் ஓட்டவைத்து, பின்னால் தெரிந்த எடையால் இழுத்து, இயற்பியல் கணக்குப்படி வர வேண்டிய வாட்டோடு மீட்டர் காட்டுவதை ஒப்பிட்டார்கள். எஸ்.ஆர்.எம்., பவர்டேப், ஸ்டேஜஸ் போன்ற பெயர்பெற்ற பிராண்டுகள் அதில் இருந்தன.

சராசரியாகப் பார்த்தால் விலகல் 0.9 சதவீதம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் மீட்டருக்கு மீட்டர் பரவல் பெரிது: திட்டவிலக்கம் 3.2 சதவீதம். 6 மீட்டர்கள் 5 சதவீதத்துக்கும் மேல் விலகியிருந்தன. அதே நேரம், ஒரே மீட்டர் திரும்பத் திரும்ப அளக்கும்போது வந்த மாறுபாடு சராசரியாக 1.2 சதவீதம்தான்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் எடுத்துக்கலாம். ஒண்ணு, பெயர்பெற்ற பிராண்டா இருந்தாலும் உங்க கைக்கு வர்ற அந்த ஒரு மீட்டர் எப்படின்னு அளந்தாத்தான் தெரியும். ரெண்டு, பெரும்பாலான மீட்டர்கள் தன்னோட தவறிலேயே உறுதியா நிக்குது. அந்த ஆய்வும் கடைசியில் ஒவ்வொரு மீட்டரையும் தனித்தனியா சரிபார்க்கத்தான் சொல்லுது. இன்றைய சீன பட்ஜெட் மாடல்கள் அதில் இல்லை என்பதால் இந்த அறிவுரை அவற்றுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

இதனாலதான் நண்பர்களுக்குள்ள "எனக்கு 250, உனக்கு 240"ன்னு சண்டை போடறதில் அர்த்தமே இல்லை. 250 வாட்டில் 3.2 சதவீதம்னா 8 வாட். ரெண்டு பேரோட மீட்டரும் எதிர் எதிர்ப் பக்கம் விலகினா, நீங்க சண்டை போட்ட 10 வாட் சாலையில் இருக்கவே இருக்காது.

ஒரு கால் மீட்டர்: எங்கே கவனம்?

2012-இல் ஸ்டேஜஸ் நிறுவனம் இடது கிராங்கில் மட்டும் உணரி வைத்து, சுமார் 700 டாலரில் விலையை இறக்கியது. இன்றைய மலிவு மாடல்களில் பல அதே வழியில் வந்தவை. இடது காலின் விசையை அளந்து, இரண்டால் பெருக்கிவிடும்.

இடது கால் 48, வலது கால் 52 என்று மிதிப்பவர் 200 வாட் கொடுத்தால் மீட்டர் 192 காட்டும். 4 சதவீதம் குறைவு. இது நிலையாக இருந்தால் பிரச்சினை இல்லை. நிலையாக இல்லாதபோதுதான் ஆபத்து.

இடது முழங்காலில் அடிபட்டு மீண்டு வருகிற ஒருவரை நினைச்சுப் பாருங்க. ஆரம்பத்தில் இடது கால் 44 சதவீதம்தான் கொடுக்குது. மொத்தம் 200 வாட், மீட்டர் காட்டுவது 176. ரெண்டு மாசத்தில் கால் தேறி 49 ஆகுது. மொத்தம் அதே 200 தான், ஆனா மீட்டர் 196 காட்டும். 20 வாட் ஏறிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு, பயிற்சியைக் கூட்டி, அதே முழங்காலைத் திரும்பக் கெடுத்துக்க முடியும். காலில் பழைய காயம் இருக்கிறவங்க ஒரு பக்க மீட்டரை வாங்காதீங்க.

அவர்களுக்கு பட்ஜெட்டிலேயே மாற்று உண்டு: ஸ்பைடர் வகை. கிராங்குக்கும் செயின்ரிங்குக்கும் நடுவில் இருக்கும் பாகத்தில் உணரி இருக்கும். இரண்டு கால் விசையும் அதன் வழியாகத்தான் போகும் என்பதால் இரண்டால் பெருக்கும் வேலையே இல்லை. மஜீன், சிகெயி போன்ற சீன நிறுவனங்கள் இந்த வகையைக் கொஞ்சம் எட்டுகிற விலைக்குக் கொண்டுவந்தன. ஆனால் உங்கள் கிராங்கில் ஸ்பைடரைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும். ஆரம்ப நிலை சைக்கிள்கள் பலவற்றில் அது முடியாது, கிராங்கையே மாற்றணும். அந்தச் செலவையும் கூட்டித்தான் 'பட்ஜெட்' கணக்குப் போடணும்.

வெயிலும் உப்புக்காற்றும்

உலோகம் சூட்டில் விரியும். நல்ல மீட்டர் அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். மலிவான மீட்டர்களில் இந்த இடத்தில்தான் சறுக்கல் வர வாய்ப்பு அதிகம். ஏசி அறையிலிருந்து சைக்கிளை எடுத்து உடனே கிளம்பாதீங்க. பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, காலை எடுத்துவிட்டு, ஆப்பில் 'ஜீரோ ஆஃப்செட்' செய்யுங்க. ஒவ்வொரு முறையும் வருகிற எண்ணைக் குறிச்சு வச்சுக்கோங்க. அது மெதுவாக நகர்ந்தால் இயல்பு. காரணமில்லாமல் குதித்தால் எச்சரிக்கை.

கடலோரத்தில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. பேட்டரி மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் உள்ளே துரு பிடிக்கும். ஐப்பசி மழையில் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் துடைத்து வையுங்க.

தண்ணி கேன் சோதனை

20 லிட்டர் தண்ணி கேனை மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்து எடையைக் குறிச்சுக்கோங்க. சரியாக 20 கிலோ வருகிற மாதிரி கொஞ்சம் தண்ணியைக் கொட்டிடுங்க.

சைக்கிளை ஒருத்தர் பிடிச்சுக்கணும், பின் பிரேக்கை அழுத்திக்கணும். ஜீரோ ஆஃப்செட் செய்த பிறகு, கிராங்கை முன்னோக்கிப் படுக்கைவாட்டில் நிறுத்தி, பெடலின் நடுவில் கயிறு கட்டிக் கேனைத் தொங்கவிடுங்க. 20 கிலோவை 9.81-ஆல் பெருக்கி, 170 மில்லிமீட்டர் கிராங்க் என்றால் 0.17-ஆல் பெருக்குங்க. 33.4 நியூட்டன் மீட்டர் வரும். ஆப்பில் டார்க் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. ஒரு பக்க மீட்டர் சில, அதை இரட்டிப்பாக்கி 66.7 என்று காட்டலாம். டார்க்கையே காட்டாத மாடலில் இந்தச் சோதனை முடியாது, வாங்கும் முன்பே கேட்டுக்கோங்க.

காலையில் மூணு தடவை, மத்தியானச் சூட்டில் மூணு தடவை செய்யுங்க. ஆறு தடவையும் 34.4 பக்கமே வந்தால் உங்க மீட்டர் 3 சதவீதம் கூடக் காட்டுது, ஆனா நம்பலாம். ஒரு தடவை 33.1, அடுத்தது 34.6, அப்புறம் 32.5 என்று ஆடினால், திருப்பிக் கொடுக்கிற கெடு முடியும் முன்பே திருப்பிக் கொடுத்துடுங்க. அதனால பெட்டி வந்த அன்னிக்கே இதைச் செய்யணும்.

இது கிராங்க் நிற்கும்போது செய்யும் சோதனை. சுற்று வேகத்தை மீட்டர் சரியா எண்ணுதான்னு தனியா பார்க்கணும். குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டி, கேடன்ஸ் திடீர்னு 150, 160-னு தாவுதான்னு கவனிங்க.

அப்போ, வாங்கலாமா?

வாரத்துக்கு மூணு நாளாவது திட்டம் போட்டுப் பயிற்சி செய்றீங்களா? 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கணும்கிற பி.ஆர்.எம். மாதிரி ஏதாவது இலக்கு இருக்கா? அப்படின்னா 30 ஆயிரம் மீட்டர் வேலை செய்யும். எதிர்க்காற்றில் "150 வாட்டைத் தாண்டாதே"ன்னு அது ஒரு தடவை தடுத்தாலே, கடைசி 50 கிலோமீட்டர் உங்க காலில் இருக்கும்.

வாரக் கடைசியில் நண்பர்களோட டீக்கடை வரைக்கும் போறவங்களுக்கு இது வேண்டாம். நல்ல டயர், லைட், ஹெல்மெட், உடம்புக்கு ஏத்த சீட் உயரம், ஒரு இதயத்துடிப்புப் பட்டை. இந்த எல்லாம் வாங்கியும் பணம் மிஞ்சும்.

அந்தத் தம்பிக்கு என் பதில்: காலில் காயம் இல்லை, பயிற்சித் திட்டம் இருக்கு, மாடல் டார்க் காட்டுது, திருப்பிக் கொடுக்க வழி இருக்கு. இந்த நாலும் சரின்னா வாங்குப்பா. ஒண்ணு இல்லைன்னாலும் சம்பளம் இன்னும் ஒரு மாசம் பேங்க்லயே இருக்கட்டும்.

தண்ணி கேன் சோதனை செஞ்சவங்க ஆறு எண்ணையும் மாடல் பேரோட அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சேர்த்து வச்சுப் பேசலாம்.