பாரிஸ் கார்னரில் அந்த ‘ஸ்’ யாருடையது?

பருத்திப்பட்டிலிருந்து ஆவடி வந்து, ரயிலைப் பிடித்து பாரிஸ் கார்னர் போகிற நேயர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. அந்தப் பாரிஸுக்கும் பிரான்ஸ் தலைநகருக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றுமே இல்லைங்க! முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி வள்ளலும் இல்லை. இவர் தாமஸ் பாரி. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து, 1788-இல் நம்ம சென்னையில் வியாபாரம் தொடங்கியவர். அவருடைய முனை, அதனால் பாரி’ஸ் கார்னர். நாம் ‘உடைய’ என்று சொல்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் அந்த ‘ஸ்’ செய்கிறது. எழுதும்போது மட்டும் பெயருக்கும் ‘எஸ்’ எழுத்துக்கும் நடுவில், மேலே ஒரு குட்டிக் கொக்கி போடணும். அதுதான் அப்பாஸ்ட்ரஃபி. பாவம், கடை போர்டுகளில் முதலில் காணாமல் போவது அதுதான்!

ஆங்கிலம் புதிதாகப் படிக்கிறவர்கள் இதற்குப் பயப்படவே வேண்டாம். தமிழில் ‘அப்பாவுடைய சைக்கிள்’ என்கிறோம் இல்லையா? அதே வரிசைதான். உரியவர் முதலில், பொருள் அடுத்து. ‘அப்பா’வை ‘ஃபாதர்’ ஆக்கி, கொக்கியும் எஸ்ஸும் சேருங்கள்: ஃபாதர்’ஸ் சைக்கிள்.

இன்றைக்கே உங்கள் வீட்டில் இருக்கிற நாலு பொருளை இப்படிச் சொல்லிப் பாருங்களேன்!